பந்திப்பூருக்கு மூன்று பாதைகள்

புலி பார்க்கும் பயணத்துக்குத் திட்டம் வரைந்து தரும்படி கேட்டபோது நான் செய்த முதல் வேலை, ஒரு பாதையை மறைத்ததுதான்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அச்சுவேலியில் என் மனைவி கௌசிகாவின் பெற்றோர் வீடு; கலியாணத்துக்குப் பிறகு நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். பின்னேரத் தேநீர் குடித்து முடிந்த மேசையில் லப்டொப் திறந்திருந்தது. திரையில் கௌசிகாவின் தமையன் ஜெயசுதன், கனடாவில், அப்போதுதான் விடிந்த வெளிச்சத்தில், தலை வாராமல் உட்கார்ந்திருந்தார். ஆவணியில் மகளோடு ஊருக்கு வருகிறார். பன்னிரண்டு வயதான அந்தப் பிள்ளைக்கு ஒரே ஓர் ஆசை: காட்டில் உலவும் வரிப்புலியை ஜீப்பில் இருந்தபடி பார்க்க வேண்டும். இலங்கைக் காடுகளில் இருப்பது சிறுத்தை மட்டுமே என்பதைத் தானே தேடிப் படித்து, ஆகவே இந்தியாவுக்குத்தான் போகவேண்டும் என்று தகப்பனுக்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டிருந்தாள். பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம் விடத் தொடங்கியிருந்தபடியால், அது எங்களுக்குப் பெரிய காரியமாகவும் தோன்றவில்லை.

"புலி பார்க்கப் போறம் எண்டு சந்தையிலை போய்ச் சொல்லிப்போடாதையுங்கோ அப்பா," என்றார் மாமி பராசக்தி, மாமாவைப் பார்த்து. "பிறகு ரெண்டுபேர் விசாரிக்க வீட்டை வருவினம்."

"வந்தால் ஜீப்பிலை இடமில்லை எண்டு சொல்லி அனுப்பு," என்றார் மாமா முருகேசு. அவர் வரவில்லை. முழங்கால் வலி, அத்தோடு தோட்டத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரம்.

ஜெயசுதன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நிருஷன், நீங்கள்தானே மச்சான் வரைபடம் கீறுற ஆள். பிளானை நீங்கள் போடுங்கோ. நாங்கள் சும்மா ஏறி இருக்கிறம்."

நில அளவைத் திணைக்களத்தில் நான் படவரைஞன். ஒரு காணியின் எல்லை எங்கே வளைகிறது, எந்தக் கல் எங்கே நிற்கிறது என்பதை உள்ளது உள்ளபடி தாளில் இறக்குவது என் தொழில். அன்றிரவே பந்திப்பூர் வனத்துக்குப் போகும் வழிகளைத் தேடி எடுத்தேன். திருச்சியிலிருந்து மிகவும் நேரானது சத்தியமங்கலம் போய், திம்பம் மலைப்பாதையில் ஏறி, கர்நாடகத்துக்குள் இறங்கும் பாதை. சத்தியமங்கலத்தில் இடது பக்கம் திரும்பி அரை மணித்தியாலம் போனால் பவானிசாகர் வரும். அங்கே ஓர் அணை இருக்கிறது. அணைக்குப் பக்கத்தில் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. அந்த முகாமில், வரிசை வீடு ஒன்றில், என் சொந்த அக்கா உதயகலா பத்தொன்பது வருடங்களாக இருக்கிறாள்.

நான் சத்தியமங்கலத்தை வெட்டினேன். வெட்டியபின் எஞ்சிய பாதை கோயம்புத்தூர் வழியாக ஊட்டிக்கு ஏறியது. அதையும் வெட்ட வேண்டியிருந்தது. ஏனெனில் என் மாமியார் வீட்டைப் பொறுத்தவரையில் என் அக்கா இருப்பது கோயம்புத்தூரில்.

*

இந்தப் பொய்யை நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அது ஒரு சொல்லாகத்தான் ஆரம்பித்தது.

ஆறு வருடங்களுக்கு முன் கலியாணம் பேசி வந்தபோது, தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தரகர் கேட்டார்: "பொடியனுக்கு ஒரு தமக்கை எல்லோ? எங்கை இருக்கிறா?"

"இந்தியாவிலை," என்றார் அம்மா.

"இந்தியாவிலை எவ்விடம்?"

அம்மா வாய் திறக்குமுன் நான் "கோயம்புத்தூர்" என்றேன். பவானிசாகரிலிருந்து பார்த்தால் அது கிட்டிய பெரிய நகரம். அவ்வளவு தூரம் அதில் உண்மையும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்த் தேநீர் ஊற்றினார். அவர் மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே அது முடிந்திருக்கும். தன் பிள்ளையைப் பெண் வீட்டாருக்கு முன்னால் பொய்யன் ஆக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தக் கணக்கும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி இருந்தால் அவள்தான் தோழி. மணவறையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பாள்; தாலி கட்டும்போது விளக்கோடு நிற்பாள். அக்கா வரவில்லை. வரவும் முடியாது. அவள் 2006இல் எட்டு மாதக் குழந்தையோடும் அத்தானோடும் மன்னார்க் கரையிலிருந்து படகேறிப் போனவள். கடவுச்சீட்டு இல்லை. வந்தால் திரும்பிப் போகவும் இயலாது. தோழி ஏன் வரவில்லை என்று பெண் வீட்டார் கேட்டபோது, "கோயம்புத்தூர்" என்ற சொல் தனக்கு ஒரு வீட்டையும் ஒரு கொம்பனியையும் கேட்டது. அத்தானுக்கு நான் கொம்பனியில் உத்தியோகம் கொடுத்தேன். அவர் சுவருக்குப் பெயின்ற் அடிப்பவர். அவர்களுடைய மகளுக்குப் பரீட்சை வைத்தேன். ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி தோழியாக நின்றாள்.

முகாம் என்ற சொல்லுக்கு நான் ஏன் அப்படிக் கூசினேன் என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தக் குடாநாட்டில் முகாமில் இருந்திராத குடும்பம் குறைவு. மாமாவும் மாமியும்கூட வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில் மாதக்கணக்கில் படுத்தெழும்பியவர்கள். அதைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். முகாமில் இருந்தோம் என்று சொல்வதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. இன்னும் இருக்கிறாள் என்று சொல்வதில்தான் எனக்கு நா எழவில்லை. மற்றவர்களுடைய அக்காமார் கனடாவிலும் பிரான்சிலும் இருந்தார்கள்.

பிறகு அம்மா இறந்தார். மரண அறிவித்தலை எழுதியது நான். எங்கள் அறிவித்தல்களின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்தது: பிறந்த இடம், வாழ்ந்த இடம், யாருடைய மகள், யாருடைய மனைவி, பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குள் அவர்கள் இருக்கும் ஊர். 'தொண்டைமானாற்றைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட தங்கமுத்து' என்று தொடங்கி, 'உதயகலா (கோயம்புத்தூர்), நிருஷன் (அச்சுவேலி) ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவர் பேனையால் தட்டியபடி, "இந்தியா எண்டு போடுவமோ தம்பி? எல்லாரும் நாட்டைத்தான் போடுறவை," என்றார்.

"இல்லை. கோயம்புத்தூர் எண்டே போடுங்கோ."

அம்மாவின் உடல் வீட்டில் கிடக்கும்போது அதைச் சொன்னேன்.

*

அடுத்த ஞாயிறு மேசையில் நான் மூன்றாவது பாதையை விரித்தேன். சென்னைக்குப் பறந்து, பெங்களூருக்கு ரயில், அங்கிருந்து மைசூர், மைசூரிலிருந்து பந்திப்பூர். தாளில் சிவப்புப் பேனையால் அழகாகக் கீறியிருந்தேன்.

கௌசிகா குனிந்து பார்த்தாள். "ஏன் இப்பிடிச் சுத்துது? திருச்சிக்கு இஞ்சையிருந்து ஒரு மணித்தியாலம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"திருச்சியாலை போனால் திம்பம் மலைப்பாதையாலை ஏறவேணும். இருட்டினால் அதைப் பூட்டிப்போடுவினம்."

"நாங்கள் பகலிலைதானே போறம்?"

"கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைக்குத் தலைசுத்திச் சத்தி வரும்."

திரையில் ஜெயசுதன் கை உயர்த்தினார். "மச்சான், அவள் ரோலர் கோஸ்ரரிலை ஏழு தரம் ஏறினவள். எனக்குத்தான் சத்தி வந்தது."

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். வரைபடத்தை அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதிலை கோயம்புத்தூர் எங்கை?"

நான் சிவப்புப் பேனையை மூடினேன்.

"எனக்கு விளங்கேல்லைத் தம்பி. சொந்தத் தமக்கை அங்கை இருக்கிறா. இந்தியாவுக்குப் போயிட்டு அவவின்ரை வாசலிலை ஒரு நேரம் மிதிக்காமல் வாறதோ? அவ என்ன நினைப்பா? நாங்கள்தான் விடேல்லை எண்டெல்லோ நினைப்பா?" அவர் எழுந்து அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில், கடையின் மட்டைப் பெட்டிக்குள், நாவல் நிறத்தில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. பெட்டியின் மூலைகள் மஞ்சளித்துப் போயிருந்தன.

"உது தோழிக்கெண்டு எடுத்த சேலை. அண்டைக்கு நிண்ட பிள்ளைக்கு வேறை எடுத்துக் குடுத்தனாங்கள். இது உங்கடை அக்கான்ரை. தபாலிலை அனுப்புற சாமானில்லை, கையிலை குடுக்கவேணும் எண்டு வைச்சிருக்கிறன். ஆறு வருசமாய் பூச்சியுருண்டை மாத்துறன்."

"அம்மா அதுக்காண்டியே வாறா," என்றார் ஜெயசுதன். "புலியெல்லாம் சாட்டு."

"ஓமடா, நான் புலியைக் கண்டு என்னத்தைச் செய்ய? தம்பி, கோயம்புத்தூராலை போடுங்கோ. ஒரு இரவு அவையளின்ரை வீட்டிலை நிண்டிட்டு விடியப் போவம்."

தாளை மடித்தேன். "அக்காவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்," என்றேன். அப்படிச் சொன்னபோதே என் மனம் ஒரு காரியத்தைத் தீர்மானித்துவிட்டது. அது என்ன காரியம் என்பதை இங்கே எழுதவும் கை தயங்குகிறது.

*

மறுநாள் வேலை முடிந்து வரும்போது தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். காற்று பலமாக அடித்தது. மதகுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

வழமைபோல அவளுக்குப் பின்னால் பச்சைச் சுவர் தெரிந்தது. எங்கள் வீட்டாரோடு கதைக்கும்போதெல்லாம் அவள் அந்தச் சுவருக்கு முன்னால்தான் இருப்பாள்.

"என்னடா, கடற்கரையிலை நிக்கிறியோ? இரைச்சல் கேட்குது."

"பாலத்தடியிலை. அக்கா, நாங்கள் ஆவணியிலை இந்தியாவுக்கு வாறம்."

அவள் முகம் திரையிலிருந்து மறைந்தது. போனை எங்கோ வைத்துவிட்டாள். சுவர் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள். "ஆர் ஆர் வாறியள்? மச்சாளும் வாறாவோ?"

"கௌசி, மாமி, ஜெயசுதன் அண்ணை, அவரின்ரை மகள், நான். ஜீப்பிலை புலி பார்க்கப் போறம், பந்திப்பூருக்கு."

"புலியோ!" அவள் சிரித்தாள். "அத்தான் மூண்டு தரம் கண்டிட்டார். ஆசனூர்ப் பக்கம் பெயின்ற் வேலைக்கு விடியக் காலமை லொறியிலை போறவை எல்லோ, ரோட்டிலை குறுக்காலை படுத்திருந்ததாம். அது எழும்புமட்டும் லொறியை நிப்பாட்டிப்போட்டு, பீடியும் பத்தவைக்காமல் இருந்தவையாம். நீ ஏன் ஜீப்புக்கு அலையிறாய்? அத்தானோடை லொறியிலை ஏறு."

நான் சிரிக்க முயன்றேன். பிறகு, வந்த விடயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூரில் இரண்டு நாளைக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுப்பேன். இப்போது அப்படி எடுக்கலாம். அக்காவும் அத்தானும் மகளும் முதல் நாளே அங்கே வந்துவிட வேண்டும். உடுப்புகளை அலுமாரியில் வைக்க வேண்டும். சாமி படம் ஒன்று மாட்ட வேண்டும். நாங்கள் வந்து ஒரு இரவு நின்றுவிட்டுப் போவோம். நான் இதை ஒழுங்காக, வரிசையாக, ஒரு வேலைத்திட்டம் சொல்வதுபோலச் சொன்னேன். சொல்லி முடியுமட்டும் அவள் குறுக்கே பேசவில்லை.

வலைக்காரர்களில் ஒருவன் மற்றவனைத் தூஷணத்தால் ஏசினான். மற்றவன் திருப்பி ஏசினான்.

"குசினிச் சாமானெல்லாம் அந்த வீட்டிலை இருக்குமோ?" என்று அக்கா கேட்டாள்.

"என்ன?"

"சட்டி பானை. உன்ரை மாமி குசினிக்குள்ளை வருவா. எது எங்கை இருக்கெண்டு தெரியாமல் நான் தடவிக்கொண்டு நிண்டால் கண்டுபிடிச்சிடுவா. ஒரு நாள் முதல் வந்தால் காணாது, ரெண்டு நாள் வேணும். முகாமிலை அனுமதி எடுக்கவேணும். எழுதிக் குடுத்தால் தருவினம். ஆள் கணக்கெடுக்கிற நாளிலை மட்டும் வெளியிலை நிக்கக்கூடாது. அத்தானை என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்லை. அந்த மனுசனுக்கு நடிக்க வராது. கையிலை வேறை பெயின்ற் போகாது."

அவள் கோபித்திருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பேன். அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டது நடக்கவேண்டும் என்பதற்காக.

"அக்கா," என்றேன், "நான் சொல்லிவைச்சது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"கோயம்புத்தூர் கதையோ? கலியாணத்தண்டைக்கே தெரியும். உன்ரை மாமி போனிலை, 'உங்கடை வீடு நகரத்துக்குள்ளையோ, தள்ளியோ?' எண்டு கேட்டவ. தள்ளி எண்டன். பிறகு அம்மாவிட்டைக் கேட்டன். அம்மா அழுதவ." அவள் பின்னால் திரும்பிச் சுவரைத் தொட்டாள். "இந்தச் சுவர் எங்கடை இல்லையடா. எங்கடை வீட்டிலை இப்பிடிச் சுவர் எங்கை? இது முகாமிலை பிள்ளையளுக்கு ரியூசன் குடுக்கிற அறை. உங்கடை ஆக்கள் எடுக்கிற நேரம் நான் ஓடி வந்து இதுக்கு முன்னாலை இருப்பன். அத்தான்தான் பெயின்ற் அடிச்சவர். மிச்சப் பெயின்ற்."

ஆறு வருடங்களாக அவள் எனக்காக அந்தச் சுவருக்கு ஓடி வந்திருக்கிறாள். அவளுடைய வீட்டின் உட்புறம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். நான் ஒருநாளும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

"கோவமோ அக்கா?"

"உதுக்கு நான் ஏன் கோவிக்கப்போறன். உனக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது, அது குழம்பக்கூடாதெண்டு நினைச்சாய்." போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்டு மட்டும். அம்மான்ரை நோட்டிஸ். இஞ்சை ஆரின்ரையும் தாய் தகப்பன் ஊரிலை செத்தால், பேப்பரிலை வந்த நோட்டிஸைப் பெரிசாய் எடுத்து, தண்ணித்தாங்கியிலை ஒட்டுவம். தண்ணிக்கு வாற எல்லாரும் பார்ப்பினம். பார்த்திட்டு வீட்டை வந்து இருப்பினம். நாங்கள் போகேலாத செத்தவீட்டை அப்பிடித்தான் இஞ்சை செய்யிறது. நீ அனுப்பின நோட்டிஸிலை என்னைக் கோயம்புத்தூர் எண்டு போட்டிருந்தாய். அதை எப்பிடி நான் இந்தத் தாங்கியிலை ஒட்டுறது? உதயகலா எப்பயிருந்து கோயம்புத்தூர் எண்டு கேட்பினம் எல்லோ. நான் ஒட்டேல்லை. ஒருத்தரும் வரேல்லை. மூண்டாம் நாள்தான் பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியும்."

நான் பாலத்தின் கட்டுச் சுவரில் உட்கார்ந்தேன்.

"சரி, அதை விடு," என்றாள். "வீட்டை எடுத்தால் சொல்லு. நீ கேட்டால் நான் வருவன்தானே. சாமி படம் நான் கொண்டுவாறன், சந்நிதி முருகன்ரை. அம்மா தந்துவிட்டது."

*

அந்தக் கிழமை முழுவதும் நான் அந்த வாடகை வீட்டைத் தேடவில்லை என்று சொல்ல ஆசைப்படுகிறேன். தேடினேன். இரண்டு நாள், அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், கோயம்புத்தூரில் குடும்பங்களுக்கு விடப்படும் வீடுகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றின் குசினி நன்றாக இருந்தது. அந்தப் படத்தில், அடுக்கியிருந்த சட்டிகளுக்கு முன்னால் அக்கா நின்று, எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதை மனதில் கண்டேன். லப்டொப்பை மூடினேன். இதைத் துணிவென்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அந்தப் படத்தை அதற்குமேல் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு பின்னேரம் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். ஜெயசுதன் திரையில். ஜீப்புக்கு அன்றைக்கே பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஆவணியில் இடம் கிடைக்காது என்று அவசரப்படுத்தினார்.

"அக்காவிட்டைக் கேட்டீங்களோ தம்பி?" என்றார் மாமி. சேலைப் பெட்டி மேசையில் இருந்தது.

"அக்கா கோயம்புத்தூரிலை இல்லை," என்றேன்.

"வீடு மாறிட்டினமோ?"

"ஒருநாளும் இருந்ததில்லை. பவானிசாகர் அகதி முகாமிலை இருக்கிறா. 2006இலை இருந்து. அத்தான் பெயின்ற் அடிக்கிறவர். கொம்பனி இல்லை. அவையளுக்குப் பாஸ்போட் இல்லை, அதுதான் கலியாணத்துக்கு வரேல்லை. பரீட்சை எண்டது நான் சொன்ன பொய். எல்லாம் நான் சொன்னதுதான். அவ சொல்லேல்லை."

திரையில் ஜெயசுதன் அசையாமல் இருந்தார். இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "முகாமெண்டால் என்ன, நாங்களும் இருந்தனாங்கள்தானே. இதையேன் மறைச்சனீர்?" அவர் குரலில் கோபம் இல்லை, விளங்காமைதான் இருந்தது.

மாமி பெட்டியின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "உங்கடை அம்மான்ரை செத்தவீட்டண்டைக்கு நான் அவவோடை போனிலை கதைச்சனான். 'வீட்டிலை ஆறுதலாய்ப் படு பிள்ளை, தனிய இராதை, அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டு இருத்து' எண்டு சொன்னனான். 'ஓம் மாமி' எண்டவ." அவர் என்னை நேராகப் பார்த்தார். "எந்த வீட்டிலை தம்பி? எந்த அயலை?"

தண்ணீர்த்தாங்கியின் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. சொல்லி முடித்தபோது மாமி எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

கௌசிகா அவ்வளவு நேரமும் தன் கைவிரல்களைப் பார்த்தபடி இருந்தாள். "எனக்குமோ?" என்றாள். "ஆறு வருசம். எனக்குமோ சொல்லேல்லை? மச்சாளோடை கதைக்கிற நேரமெல்லாம், 'உங்கடை வீட்டைச் சுத்திக் காட்டுங்கோ' எண்டு கேட்டிருக்கிறன். சிரிச்சுச் சிரிச்சுக் கதையை மாத்துவா. நான் நினைச்சன், அவவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் எண்டு. அம்மாவிட்டையும் சொன்னனான்." அவள் குரல் உடைந்தது. "என்னை அப்பிடி நினைக்கப் பண்ணிப்போட்டீங்கள்."

என் அக்காவுக்கு இந்த வீட்டில் அப்படி ஒரு பெயரும் இருந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

*

நான்கு நாட்கள் கௌசிகா என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். பயணம் நின்றுவிட்டதென்றே எண்ணினேன். வியாழக்கிழமை காலை மாமி, கோப்பையை எனக்கு முன்னால் சற்றுப் பலமாக வைத்துவிட்டு, "ஜீப்பிலை எத்தினை பேர் இருக்கலாம்?" என்று கேட்டார்.

"ஆறு பேர் மாமி."

"நாங்கள் அஞ்சு பேர். ஆறாவது சீற்றிலை அவ வரட்டும். சத்தியமங்கலத்தாலை போடுங்கோ." போகும்போது திரும்பி, "உங்களுக்காக இல்லை," என்றார்.

அன்று பின்னேரம் கௌசிகா லப்டொப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நான் இன்னும் கோவம்தான். அது வேறை. படிவத்தை நிரப்புங்கோ, அண்ணை கத்துறான்," என்று சொல்லி எனக்குப் பக்கத்தில், ஒரு கதிரை தள்ளி, இருந்தாள்.

முதலில் வரைபடத்தைத் திருத்தினேன். திருச்சி, சத்தியமங்கலம், இடது பக்கம் பவானிசாகர், பிறகு திம்பம், பந்திப்பூர். பவானிசாகருக்குப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் ஒரு வட்டம் மட்டும் போட்டேன். பிறகு படிவத்தில் பெயர்களை இறக்கினேன். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம். கடைசியில், தெரிவு செய்யவேண்டிய இரண்டு பெட்டிகள்: இந்தியர், வெளிநாட்டவர். எங்கள் ஐந்து பேருக்கும் யோசிக்காமல் இரண்டாவது பெட்டி. ஆறாவதாக 'உதயகலா' என்று எழுதிவிட்டு நின்றேன்.

முன்பென்றால் ஏதோ ஒன்றை நானே போட்டிருப்பேன். போனை எடுத்தேன்.

இம்முறை அவளுக்குப் பின்னால் பச்சைச் சுவர் இல்லை. தகரமும், அதில் கட்டிய கயிற்றில் சேலைகளும், ஒரு மூலையில் அடுக்கிய பெயின்ற் வாளிகளும் தெரிந்தன. மாமி ஏற்கெனவே அவளோடு கதைத்திருக்கிறார் என்று அதைக் கண்டவுடன் விளங்கிக்கொண்டேன்.

"சொல்லு."

"ஜீப்புக்குப் பதியிறம் அக்கா. உங்கடை பேரையும் போட்டிருக்கு. அனுமதி கிடைக்குமோ?"

"ஆள் கணக்கெடுத்து முடிஞ்ச அடுத்த நாள் எண்டால் கேட்கலாம். தருவினமோ தெரியாது. பேரைப் போட்டு வை."

"இதிலை ரெண்டு பெட்டி இருக்கு. இந்தியர் அல்லது வெளிநாட்டவர். உங்களை எதிலை போட?"

"மூண்டாவதாய் ஒண்டு இல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப வெளிநாடு எண்டு போடு." அவள் உதடு மெல்ல விரிந்தது. "உனக்கும் ஒரு வெளிநாட்டு அக்கா கிடைச்சிட்டாள். இனி ஆரும் கேட்டால் கூசாமல் சொல்லலாம்."

கௌசிகா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு நியாயமான இன்பம் இருந்தது. ஆறு வருடங்களில் அவள் என்னைக் குத்திச் சொன்ன முதல் சொல் அது. நான் தலை குனிந்தபடி பெட்டியில் அடையாளமிட்டேன்.

"கேட்டிட்டுப் போட்டாய், நல்லது," என்றாள், சிரிப்பு அடங்கியபின். "ஐப்பசியிலை அம்மான்ரை ரெண்டாம் வருசம் வருது. பேப்பருக்கு நினைவு நோட்டிஸ் குடுப்பாய்தானே?"

"ஓம்."

"குடுக்கமுதல் எனக்குக் காட்டு. என்ரை பேருக்குப் பக்கத்திலை என்ன வருதெண்டு நான் பார்க்கவேணும். தாங்கியிலை ஒட்டுறது நான்."

"ஓம் அக்கா," என்றேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க எனக்கு இன்னும் சற்று நேரம் எடுத்தது.